உச்ச நிலையில் சில விநாடிகளிலேயே மங்கிவிடும் சிறிய டார்ச்: கோளாறு எல்.இ.டி.யிலா, பேட்டரியிலா, பின்மூடியிலா?

கேள்வி

வணக்கம். ஒற்றை 18650 பேட்டரியில் (18 மில்லி மீட்டர் விட்டமும் 65 மில்லி மீட்டர் நீளமும் உள்ள லித்தியம்-அயன் வகை) இயங்கும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய, விலை கூடிய டார்ச் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பின்பக்கம் அழுத்தும் சுவிட்ச், ஒரே ஒரு எல்.இ.டி., ஐந்து வெளிச்ச நிலைகள் என்ற எளிய அமைப்பு அதனுடையது. வாங்கிய காலத்தில் அதன் உச்ச நிலை ஓரிரு நிமிடங்கள் வரை நிலையாக எரிந்துவிட்டு, உடல் சூடான பிறகு கண்ணுக்கு உறுத்தாமல் மெல்ல இறங்கும். இப்போதோ எரியவிட்ட சில விநாடிகளிலேயே வெளிச்சம் திடுமெனக் குறைகிறது. சில நேரம் ஒரு நடுக்கம் போலத் துடித்துவிட்டு, ஒரு படி கீழே போய் நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் உடலைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புகூட ஏறியிருப்பதில்லை.

கீழ்நிலைகள் மூன்றிலும் எந்தக் குறையும் தெரியவில்லை. விளக்கின் பக்கவாட்டில் விரலால் தட்டினாலோ பின்மூடியை இறுக்கிப் பிடித்தாலோ சில சமயம் முழு வெளிச்சம் திரும்பி வருகிறது. சில சமயம் வருவதில்லை. முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன், 4.17 வோல்ட் காட்டுகிறது. ஆகவே பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று எண்ணுகிறேன். கண்ணாடியையும் துடைத்துப் பார்த்துவிட்டேன்.

எல்.இ.டி. தன் ஆயுளை முடித்துக்கொண்டிருக்குமோ என்று ஐயமாக இருக்கிறது. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதால் நானே பழுது பார்க்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது? மரைகளில் எண்ணெய் போடுவது சரியா?

முதல் பதில்

எல்.இ.டி.யை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நல்ல எல்.இ.டி. ஒன்று முறையாக வெப்பம் கடத்தப்படும் நிலையில் பல்லாயிரம் மணி நேரம் எரிந்த பிறகுதான் தன் வெளிச்சத்தில் குறிப்பிடத்தக்க பங்கை இழக்கிறது. அப்போதும் அது எல்லா நிலைகளிலும் ஒரே விகிதத்தில், ஆண்டுக்கணக்கில் தேய்ந்துகொண்டே போகுமே தவிர, சில விநாடிகளில் படி இறங்கிவிட்டுத் தட்டியதும் ஏறாது. வெப்பத்தால் சேதமடைந்த எல்.இ.டி.யில் பெரும்பாலும் நிறமும் மாறி, வெளிச்சம் நீலம் பாய்ந்து தெரியும். நீங்கள் சொல்வதில் அந்த அடையாளம் எதுவும் இல்லை.

சிறிய விளக்குகள் மங்குவதற்குப் பொதுவாக நான்கு காரணங்கள் உண்டு. டிரைவர் எனப்படும் உள்மின்சுற்று குறித்த நேரம் கழிந்ததும் தானே வெளிச்சத்தைக் குறைப்பது ஒன்று. உடலின் சூட்டை அளந்து குறைப்பது இன்னொன்று. பேட்டரியால் கேட்ட மின்னோட்டத்தைத் தர முடியாமல் போவது மற்றொன்று. வழியில் எங்கோ ஒரு தொடர்பு தளர்ந்து மின்தடை கூடுவது கடைசி. மங்குவதை எத்தனை முறை பார்த்தாலும் இந்த நான்கையும் பிரித்தறிய முடியாது. போன வெளிச்சம் எதனால் திரும்பி வருகிறது என்பதைக் கவனித்தால்தான் காரணம் பிடிபடும். அணைத்துவிட்டு உடனே போட்டதும் முழு வெளிச்சம் வந்து, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே நேரத்தில் குறைந்தால், அது நேரக் கணக்கு. உடல் ஆறிய பிறகுதான் வருகிறது என்றாலோ, மின்விசிறிக் காற்றில் பிடித்தபோது அதிக நேரம் நிற்கிறது என்றாலோ அது வெப்பக் காப்பு. புதிதாகச் சார்ஜ் ஏற்றிய வேறொரு பேட்டரியைப் போட்டதும் வந்தால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். தட்டினாலும் இறுக்கினாலும் வந்தால் தொடர்பு. உங்கள் விளக்கு நான்காவது வகையைத்தான் கை காட்டுகிறது; ஆனாலும் பேட்டரியை இந்தப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டாம். 4.17 வோல்ட் என்பது சுமையில்லாமல் சும்மா இருக்கும்போது காட்டும் அளவு. 5 ஆம்பியர் இழுக்கும்போது அது என்ன ஆகிறது என்பதை அந்த எண் சொல்லாது.

கீழ்நிலைகள் சரியாக இருப்பதற்கான காரணத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பின்மூடியில் எங்கோ 0.1 ஓம் மின்தடை கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.2 ஆம்பியர் ஓடும் கீழ்நிலையில் அது விழுங்குவது 0.02 வோல்ட், யாருக்கும் தெரியாது. 5 ஆம்பியர் ஓடும் உச்ச நிலையிலோ அதே இடம் 0.5 வோல்ட்டை விழுங்கிவிடுகிறது. சுமையின்கீழ் 3.9 வோல்ட் தரும் பேட்டரியிலிருந்து டிரைவருக்கு 3.4 வோல்ட்தான் போய்ச் சேரும். உச்ச மின்னோட்டத்தில் எல்.இ.டி.க்கே ஏறத்தாழ அவ்வளவு தேவைப்படுவதால், டிரைவருக்குக் கையிருப்பு எதுவும் மிஞ்சாது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அது ஒரு படி இறங்கிவிடும். அதோடு, அந்த 0.5 வோல்ட் அந்தச் சிறு இடத்திலேயே 2.5 வாட் வெப்பமாக மாறுகிறது. சூடாகச் சூடாக ஸ்பிரிங்கின் விறைப்பும் குறையும், தொடர்பு மேலும் கெடும்.

ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: எதைச் செய்து பார்த்தாலும் கண்ணை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். வெளிச்சம் பாதியாகக் குறைந்தாலும் நம் கண் அதைப் பாதியாக உணர்வதில்லை. படிப்படியாக நடந்தால் கவனிக்கவே கவனிக்காது. இருட்டு அறையில் விளக்கைக் கூரையை நோக்கி நிறுத்தி, சற்றுத் தள்ளி ஒரே இடத்தில் கைப்பேசியை வைத்து, அதிலுள்ள லக்ஸ் அளக்கும் செயலியில் எரியவிட்ட உடனேயும், 30 விநாடி கழித்தும், 2 நிமிடம் கழித்தும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்கள் விளக்கு வெளியிடும் மொத்த ஒளியைச் சொல்லும் உண்மையான லூமென் கணக்கு ஆகாது. ஆனால், முன்பும் பின்பும் ஒப்பிடுவதற்கு அவை போதும்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். செய்முறையை நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. பின்மூடியை முழுதாகக் கழற்றி எடுத்துவிடுங்கள். பேட்டரி வழக்கம்போல நேர்முனை தலைப்பக்கம் இருக்க உள்ளேயே இருக்கட்டும். நடுவில் மேலுறை உள்ள, குட்டையான, தடித்த செம்புக் கம்பி ஒன்றின் ஒரு நுனியைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுநுனியைக் குழாயின் வெட்டப்பட்ட விளிம்பிலும் வைத்து அழுத்துங்கள். பின்மூடி செய்யும் வேலையை இப்போது கம்பி செய்கிறது. கம்பியை எடுத்து எடுத்து வைத்தால் பெரும்பாலான விளக்குகளில் வெளிச்ச நிலைகளும் மாறும். உச்ச நிலைக்கு வந்ததும் ஒரு நிமிடம் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் நிலையாக நின்றால் கோளாறு பின்மூடியில். அப்போதும் துடித்தால் தலைப்பகுதியிலோ பேட்டரியிலோ இருக்கிறது. குழாய்க்குள் இன்னொரு குழாய் உள்ளவை, பேட்டரியைத் திருப்பிப் போடும் அமைப்புள்ளவை ஆகியவற்றில் இதைச் செய்யக் கூடாது. உங்களுடையது அப்படிப்பட்டதல்ல என்று உங்கள் விவரிப்பிலிருந்து தெரிகிறது. மல்டிமீட்டரின் மெல்லிய கம்பிகளைக் கொண்டு இதைச் செய்தால் அந்தக் கம்பிகளின் மின்தடையே வெளிச்சத்தைக் குறைத்து உங்களைக் குழப்பிவிடும்.

பின்மூடிதான் என்று தெரிந்தால் அதன் உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் ஸ்பிரிங், அதைச் சுற்றி மெல்லிய பலகை, அந்தப் பலகையைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும் உலோக வளையம் ஒன்று, அந்த வளையத்தில் எதிரெதிராக இரண்டு சிறு பள்ளங்கள் என்று தென்படும். பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் ஸ்பிரிங் வழியாகச் சுவிட்சுக்குப் போய், அந்த வளையத்தின் வழியாகத்தான் உடலுக்கு வருகிறது. நாள்பட்ட பயன்பாட்டில், கீழே விழுவதாலும் சூடாகி ஆறுவதாலும், இந்த வளையம் மயிரிழை அளவு தளர்ந்துவிடுவது மிகச் சாதாரணம். தட்டினால் வெளிச்சம் திரும்புகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கூர்முனை இடுக்கியின் இரு நுனிகளையும் அந்தப் பள்ளங்களில் வைத்து வலப்பக்கமாக மெல்லத் திருகினால் போதும். பசை போட்டு ஒட்டியவையும் மரையில்லாமல் அழுத்திப் பொருத்தியவையும் உண்டு என்பதால், அசையாவிட்டால் வலுக்கட்டாயம் வேண்டாம். திருகும்போது பேட்டரி விளக்கை விட்டு வெளியே இருக்க வேண்டும்.

அடுத்தது துப்புரவு. பலரும் மரைகளை மட்டும் துடைத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் தரமான விளக்குகளில் மரைகளும் அனோடைசிங் செய்யப்பட்டிருப்பதால், அவற்றின்மேல் உள்ள அலுமினிய ஆக்சைடு அடுக்கு மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது. பின்மூடியைக் கால் திருகு தளர்த்தினால் விளக்கு எரியாமல் பூட்டிக்கொள்வதும் அதனால்தான். ஆக, ஐந்து ஆம்பியரும் குழாயின் வெட்டப்பட்ட விளிம்பு என்ற அந்த மெல்லிய வட்டத்தின் வழியாகத்தான் ஓடுகிறது. அந்த விளிம்பைச் சாய்த்துப் பாருங்கள்; பளபளப்பான வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டிய இடத்தில், பழைய கிரீஸும் தேய்ந்த அலுமினியத் தூளும் கலந்து பென்சில் கரி போன்ற சாம்பல் படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். பஞ்சுக்குச்சியில் ஐசோபிரோபைல் ஆல்கஹாலைத் தோய்த்து, பஞ்சு கறுக்காமல் வரும்வரை குச்சிகளை மாற்றி மாற்றித் துடையுங்கள். அதே துடைப்பு வளையத்தின் மேற்பரப்பு, ஸ்பிரிங் நுனி, பேட்டரியின் இரு முனைகள், தலைப்பகுதியின் உள்ளே தெரியும் தொடர்புப் புள்ளி, குழாயின் மறுவிளிம்பு ஆகியவற்றுக்கும் வேண்டும். கறை விடாப்பிடியாக இருந்தால் வெள்ளை அழிரப்பரால் தேய்க்கலாம். உப்புத்தாள் வேண்டாம், ஸ்பிரிங்கின் மேலுள்ள தங்க முலாமையோ வெள்ளி முலாமையோ அது சுரண்டிவிட்டால், அடியிலுள்ள உலோகம் விரைவிலேயே கறுத்துவிடும்.

எண்ணெய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சமையல் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய், துருநீக்கும் தெளிப்பான் ஆகிய எதுவும் வேண்டாம். மரையருகே நீர் புகாமல் தடுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பரில் செய்யப்பட்டிருக்கும். அதற்குச் சிலிகான் கிரீஸ் பொருந்தும். ஓ-ரிங் சிலிகான் ரப்பராக இருந்தால் மட்டும் சிலிகான் கிரீஸ் அதை உப்பவைத்துவிடும். மரைகளிலும் ஓ-ரிங்கிலும் விரல்நுனியில் தொட்டுத் தடவும் அளவு மெல்லிய பூச்சு போதும். விளிம்பில் கிரீஸ் ஏறக் கூடாது, ஏறினால் துடைத்துவிடுங்கள்.

ஸ்பிரிங் தாழ்ந்து தளர்ந்திருந்தால் மாற்றிவிடலாம். சிலர் ஸ்பிரிங்கின் உள்ளே மேலிருந்து கீழாகச் சிலிகான் உறையிட்ட செம்புக் கம்பி ஒன்றைப் பற்றவைத்து, மின்னோட்டத்துக்குக் குறுக்குவழி அமைத்துக்கொள்கிறார்கள். நானும் அதைப் பரிந்துரைக்கிறேன்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மிக்க நன்றி. கம்பி வைத்துச் சோதித்தபோது உச்ச நிலை ஒரு நிமிடத்துக்கும் மேலாகத் துடிக்காமல் எரிந்தது. வளையத்தின் பள்ளங்களில் இடுக்கியை வைத்ததுமே அது ஏறத்தாழ அரைச் சுற்று சிரமமின்றித் திரும்பியது. விளிம்பிலும் நீங்கள் சொன்னபடியே சாம்பல் படலம் இருந்தது. துடைத்துப் பூட்டிய பிறகு துடிப்பு முற்றிலும் நின்றுவிட்டது. தட்டினாலும் குலுக்கினாலும் வெளிச்சம் மாறுவதில்லை.

ஆனால் கைப்பேசியில் அளந்தபோது இன்னொன்று தெரிந்தது. பழைய பேட்டரியில் 30 விநாடியிலேயே எண் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. வேறொரு விளக்குக்காக வாங்கிய புதிய 18650 பேட்டரியைப் போட்டுப் பார்த்தால் அதே நேரத்தில் மிகச் சிறிதளவே குறைகிறது. இரண்டுமே முழுச் சார்ஜில் ஒரே வோல்ட்டைக் காட்டுகின்றன. பழைய பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா? மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைக்கும்போது பேட்டரியை உள்ளேயே விடலாமா?

மூன்றாம் பதில்

நீங்கள் கண்டது பேட்டரியின் உள்மின்தடை. முதல் பதிலில் பின்மூடிக்குச் சொன்ன அதே 0.1 ஓம் கணக்கு பேட்டரிக்கு உள்ளேயும் நடக்கும். அதிக மின்னோட்டம் தருவதற்கென்று செய்யப்பட்ட புதிய 18650 பேட்டரியின் உள்மின்தடை சில பத்து மில்லி ஓம் அளவில் இருக்கும். வயதாகும்போது, குறிப்பாக முழுச் சார்ஜில் சூடான இடத்தில் கிடந்தால், அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறிக்கொண்டே போகும். 100 மில்லி ஓம் ஆகிவிட்ட பேட்டரி 5 ஆம்பியரில் அரை வோல்ட்டைத் தனக்குள்ளேயே இழந்துவிட்டுத்தான் மிச்சத்தை வெளியே தரும். சும்மா வைத்து அளந்தால் புதியதற்கும் அதற்கும் வேறுபாடே தெரியாது.

உள்மின்தடையைக் காட்டும் சார்ஜர் இருந்தால் இரண்டு பேட்டரிகளையும் அதே குழியில், முழுச் சார்ஜில், ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பாருங்கள். சார்ஜரின் தொடர்பு முனைகளும் தம் பங்குக்கு மின்தடையைச் சேர்ப்பதால் தனி எண்ணை நம்ப வேண்டாம், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். பழையதைத் தூக்கிப் போடத் தேவையில்லை. மேலுறை கிழியாமல், உப்பாமல், சார்ஜ் ஏறும்போது வழக்கத்துக்கு மாறாகச் சூடாகாமல் இருந்தால், ஒன்றிரண்டு ஆம்பியருக்குள் அடங்கும் எளிய விளக்கு ஒன்றில் அது இன்னும் நெடுநாள் உழைக்கும்.

மேலுறையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 18650 பேட்டரியின் உலோகக் கூடு முழுவதும் எதிர்முனைதான். நேர்முனையைச் சுற்றியுள்ள தோள்பட்டை விளிம்பில் அந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையும் ஒரு காப்பு வளையமும் மட்டுமே இரண்டையும் பிரித்து வைத்திருக்கின்றன. அந்த இடத்தில் உறை கிழிந்த பேட்டரி உலோகக் குழாய்க்குள் குறுக்குத் தொடர்பாகிவிட்டால் நேர்வது தீ விபத்துதான். கிழிசல் சிறிதாகத் தெரிந்தாலும் புது உறை போடாமல் பயன்படுத்தாதீர்கள். 2.5 வோல்ட்டுக்கும் மிகக் கீழே போய்க் கிடந்த பேட்டரியை மீண்டும் சார்ஜ் ஏற்றி உயிர்ப்பிக்க முயல்வதையும் நான் ஏற்க மாட்டேன். உள்ளே செம்பு கரைந்து படிந்திருக்கும் அபாயம் அதில் உண்டு. கழித்த பேட்டரிகளின் இரு முனைகளிலும் நாடா ஒட்டி, மின்கழிவு பெறும் இடத்தில் கொடுங்கள். வீட்டுக் குப்பையில் போட வேண்டாம்.

புதியது வாங்கும்போது கொள்ளளவு எண்ணை மட்டும் பார்த்து மயங்கிவிடாதீர்கள். இந்த அளவுள்ள பேட்டரியில் 3,500 மில்லி ஆம்பியர் மணி என்பதே நல்ல கொள்ளளவு. 5,000 என்றும் 9,900 என்றும் அச்சடித்து விற்பவை பொய். 18650 வகையில் பொதுவாகக் கொள்ளளவு கூடினால் தாங்கும் மின்னோட்டம் குறையும். உங்கள் விளக்கு எத்தனை ஆம்பியர் கேட்கிறதோ, அதைவிடக் கூடுதலாகத் தொடர்ந்து தரக்கூடிய பேட்டரி வேண்டும். காப்புச் சுற்று உள்ள பேட்டரிகள் 65 மில்லி மீட்டருக்கு மேல் சில மில்லி மீட்டர் நீளம் கூடியிருக்கும். குட்டையான குழாயில் அவற்றை அமுக்கிப் பூட்டினால் ஸ்பிரிங் நசுங்கி, மறுபடியும் நீங்கள் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

இரண்டாம் பதிலில் சொன்ன ஸ்பிரிங் குறுக்குவழியைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மின்னோட்டத்தை ஒழுங்குபடுத்தும் டிரைவர் உள்ள விளக்கில் அது நன்மைதான். ஆனால், உச்ச நிலையில் பேட்டரியை நேரடியாக எல்.இ.டி.யோடு இணைத்துவிடும் எளிய டிரைவர்களில், ஸ்பிரிங்கின் மின்தடைதான் மின்னோட்டத்துக்கு ஓரளவு கடிவாளமாக இருக்கிறது. அதை நீக்கினால் வெளிச்சம் சிறிது கூடும். சூடு அதைவிடக் கூடும். உங்கள் விளக்கு இப்போது சரியாக எரிவதால் அதில் சூட்டுக்கோல் வைக்க வேண்டிய தேவையே இல்லை.

மாதக்கணக்கில் வைப்பதாக இருந்தால் பேட்டரியை வெளியே எடுத்து, ஏறத்தாழப் பாதிச் சார்ஜில், அதாவது 3.7 வோல்ட்டை ஒட்டி, பிளாஸ்டிக் பெட்டியில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். அவசரத்துக்குக் கையில் இருக்க வேண்டிய விளக்கு என்றால் உள்ளேயே விட்டு, பின்மூடியைக் கால் திருகு தளர்த்தி வையுங்கள். பைக்குள் தானே எரிந்து சூடாகும் அபாயமும் அதனால் நீங்கும்.

முதல் பதில் எழுதியவரின் பின்குறிப்பு

வளையம் பிடிபட்டதில் மகிழ்ச்சி. இனி வெளிச்சம் ஓரிரு நிமிடத்தில் மெல்ல இறங்கினால் அதைப் பழுது என்று எண்ணி மறுபடியும் பிரித்துவிடாதீர்கள். எல்.இ.டி.க்குப் போகும் மின்சக்தியில் பாதிக்கும் மேல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. அதைச் சிதறடிக்க உங்கள் விளக்குக்கு இருப்பதெல்லாம் விரல் நீள அலுமினியமும் அதைப் பிடித்திருக்கும் கையும்தான். பெட்டியில் அச்சடித்திருக்கும் லூமென் அளவைக்கூட டார்ச்களுக்கான ஆன்சி எஃப்.எல்.1 தரநிலையின்படி எரியவிட்டு 30 விநாடி கழிந்த பிறகுதான் எடுக்கிறார்கள். அதன்பின் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம் முழுவதையும் எரியும் நேரமாகக் கணக்கிடுகிறார்கள். நெடுநேரம் எரிய வேண்டிய வேலைக்கு உச்ச நிலைக்கு ஒரு படி கீழே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது, வெளிச்சமும் இறங்காமல் நிற்கும். தலைப்பகுதியில் உள்ள வெப்பத் துடுப்புகளின் இடுக்கில் தூசி அடைத்திருந்தால் பழைய பல்துலக்கியால் எடுத்துவிடுங்கள். இன்று லக்ஸ் செயலியில் வந்த எண்களை எந்தப் பேட்டரி என்பதோடு சேர்த்து எங்காவது எழுதி வையுங்கள். அடுத்த முறை ஐயம் வரும்போது ஒப்பிட அவை உதவும்.